கறுப்பும் ஓர் அழகே

கறுப்பு ஆடை, கறுப்பு மணிமாலை, கூர்நுனி வளைவுகள் அமைந்த விளக்கு, சுவரிலே வௌவால் உருவம், மேசைமீது மண்டையோடு: இவற்றில் விருப்பம் மிக்க இளைஞர் கூட்டம் ஒன்று மேனாடுகளில் மாத்திரமன்றி நம்மிடையேயும் தோன்றியிருக்கின்றது. கைத்தொலைபேசியிலே படங்களைக் கண்ட பெண்பிள்ளை, தன் அறையை அவ்வாறு அலங்கரிக்க வேண்டும் என்கிறாள். "விளக்கு வைக்கும் வீட்டுக்குள் இந்த அமங்கலம் எதற்குப் பிள்ளை?" என்று அம்மம்மா முகஞ் சுளிக்கின்றார். "அம்மம்மா, இது இப்போதைய நாகரிகம்" என்று பேர்த்தி விடை கூறுகிறாள். தாயோ இருவருக்குமிடையே யார் பக்கம் பேசுவதென்று அறியாது நிற்கின்றாள்.

இருவர் சொல்லிலும் நியாயம் உண்டு. அதனை ஆராய்ந்த பின், நம் முற்றத்துப் பனையோலையையும் ஈர்க்கையும் கொண்டே இப்பாணியில் அழகிய பொருள்கள் சிலவற்றைச் செய்யும் வகையை இவ்வாரம் காண்போம்.

கோதிக் என்பது யாது?

இப்பாணிக்குக் கோதிக் என்று பெயர். கோத்தர் என்போர் கி.பி. 410 இல் உரோமாபுரியைச் சூறையாடிய ஒரு சாதியார். பிற்காலத்து இத்தாலிய அறிஞர், தமக்கு முற்பட்ட காலத்துக் கட்டடக்கலையை இகழ விரும்பி, அது கோத்தருடைய முரட்டுக் கலை என்னும் கருத்துப்பட இப்பெயரைச் சூட்டினர். வசையாகப் பிறந்த பெயர் பின்னர் இசையாக மாறியது. பாரிசு நகருக்கு அண்மையிலுள்ள சென் டெனித் திருக்கோயிலின் கீழ்ப்புறப் பகுதி 1144 இல் புதுக்கி அபிடேகஞ் செய்யப்பட்டது. கோதிக் கட்டடக்கலையின் தொடக்கமாக அறிஞர் காட்டுவது அதனையே. அக்கலையைக் கண்டவர்கள் வெளிச்சத்துக்காகவே சுவரைக் குறைத்தார்கள். கூர்நுனி வளைவுகளை உயர்த்தினார்கள். யன்னல்களிலே வண்ணக் கண்ணாடிகளைப் பதித்தார்கள். இன்று இருளோடு சேர்த்துப் பேசப்படும் கோதிக், பிறந்தபோது ஒளியை நாடிய கலையேயாகும்.

இருள் இதனோடு வந்து சேர்ந்தது பின்னர். 1764 இல் ஒறேசு வால்போல் என்னும் ஆங்கிலேயர் கோட்டையொன்றைக் களமாக வைத்து அச்சமூட்டும் புதினம் ஒன்றை எழுதினார். மறுபதிப்பிலே அதனைக் 'கோதிக் கதை' என்றும் குறித்தார். அன்று முதல் பாழ்மாளிகை, நள்ளிரவு, வௌவால் யாவும் அப்பெயரின் கீழ் வந்தன. 1861 இல் கணவரை இழந்த விக்ரோறியா மகாராணியார் 1901 இல் தாம் இறக்கும்வரை கறுப்புடையே தரித்தார். அவரைப் பார்த்து ஆங்கிலப் பெண்களும் துக்க காலத்திற் கறுப்பு நகை பூண்டனர். யோக்சயர்க் கரையிலுள்ள விற்பி என்னும் ஊரிலே கிடைக்கும் கரிய பொருளொன்றினால் அந்நகைகள் செய்யப்பட்டன. அது மண்ணுட் புதைந்து கல்லாகிய பழமரமே. 1970களின் இறுதியில் இங்கிலாந்தில் எழுந்த ஒருவகை இசைக்குழுவினர் இவை அனைத்தையும் தம் உடையிலே சேர்த்துக்கொண்டனர். நம் பிள்ளைகள் படத்திற் காண்பது அதன் வழிவந்ததே.

தமிழ்நாட்டிலே இக்கலையை நேரிற் காண விரும்புவோர் சென்னை மயிலாப்பூருக்குச் செல்லலாம். 1896 இல் புதிதாகக் கட்டிமுடிக்கப்பட்ட சாந்தோம் தேவாலயம் கோதிக் பாணியிலே உயர்ந்து நிற்கின்றது. அதே மயிலையிலேதான் கபாலீசுவரர் திருக்கோயிலும் உண்டு. கபாலம் என்பது மண்டையோடு அன்றோ! அதனைக் கையிலேந்திய பெருமானைத் தினமும் வணங்கும் நாம், மண்டையோட்டின் படத்தைக் கண்ட மாத்திரத்தே அஞ்சி ஓடவேண்டுவதில்லை. ஆயின், கோயிலில் அது நிலையாமையை உணர்த்தும் சின்னம். மேசையில் அது வெறும் விளையாட்டு. இந்த வேற்றுமையைப் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

கறுப்பு அமங்கலமா?

ஒரு நிறத்திற்கோ உருவத்திற்கோ பொருள் தருவது அது வழங்கும் நாடும் வழக்குமே. இங்கிலாந்திலே துக்கத்திற்குக் கறுப்பு. நம் ஊரிலே செத்தவீட்டுக்கு வெள்ளை உடுத்துச் செல்கின்றோம். கன்னட நாட்டிலும் மராத்திய நாட்டிலும் மணமான பெண்கள் அணியும் மங்கல சூத்திரத்திற் கோக்கப்படுவன கறுப்பு மணிகளே. ஐயப்ப விரதம் பூண்ட அடியவர் கறுப்பு வேட்டி உடுக்கின்றனர். பச்சிளங் குழந்தையின் கன்னத்திலே கண்ணூறு படாதிருக்க நாம் இடுவதும் கறுத்தப் பொட்டே. வௌவாலைச் சீனர் நற்பேற்றின் சின்னமாகக் கொள்வர். அவர் மொழியில் வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் உரிய சொற்கள் ஒரே ஒலியுடையன.

ஆகவே கறுப்பு என்பதனாலேயே ஒன்று அமங்கலமாகிவிடாது. எனினும் அம்மம்மாவின் மனக்கலக்கம் பொருளற்றது என்று தள்ளிவிடவும் இயலாது. நம்மிடமும் துக்கத்திற்கென்று ஒரு மொழி இருக்கின்றது. குருத்தோலைத் தோரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மங்கல நிகழ்ச்சிக்குக் கட்டும் தோரணத்திலே ஓலைக் குருவிகள் மேல்நோக்கி இருக்கும். மரணவீட்டுத் தோரணத்திலே அவை தலைகீழாகத் தொங்கும். ஓலையும் ஒன்றே, நிறமும் ஒன்றே. மடிப்பின் திசை மாத்திரமே செய்தியைச் சொல்கின்றது. இதனை அறியாத பிள்ளை, அழகாயிருக்கின்றது என்று தலைகீழ்த் தோரணத்தை அறைவாசலிலே தொங்கவிட்டால், பார்க்க வரும் முதியவர் நெஞ்சு திடுக்குறும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மேனாட்டுக் கடைகளிலே சவப்பெட்டி, கல்லறை, எலும்புக்கூடு ஆகியவற்றின் சிறு உருவங்கள் அலங்காரப் பொருள்களாக விற்கப்படுகின்றன. அவற்றை நம் முன்விறாந்தையிலே வைத்தல் தகாது என்பது என் துணிபு. 2009 இல் முடிவுற்ற நீண்ட போரிலே உறவுகளை இழந்த குடும்பங்கள் இங்கே எண்ணற்றவை. மாலை சாத்திய படத்தின் முன்னே நாள்தோறும் விளக்கேற்றும் தாயொருத்தி அயல்வீட்டிலே இருக்கக்கூடும். தம் பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்று அறியாத தந்தையும் இருக்கக்கூடும். அவர்கள் கண்ணிற் படும்படி பொம்மைக் கல்லறையை வைப்பது நாகரிகமாகாது. வளைவையும் ஒளியையும் கருமையையும் எடுத்துக்கொள்வோம், கல்லறையை விட்டுவிடுவோம். அம்மம்மாவும் பேர்த்தியும் உடன்படக்கூடிய எல்லை இதுவே.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

ஒன்று: கூர்வளைவு விளக்கு

வெசாக் கூடு கட்டத் தெரிந்த எவரும் இதனைக் கட்டலாம். கவராயமும் அடிமட்டமும் உடைய மாணவர்க்கு இது கேத்திரகணிதப் பாடமுமாகும்.

16 சென்ரிமீற்றர் அகலமும் 29 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள காட்போட் மட்டைகள் நான்கு எடுத்துக்கொள்க. ஒவ்வொரு மட்டையிலும் இருபுறமும் 2 சென்ரிமீற்றர் ஓரம் விட்டு, அடியிலிருந்து 17 சென்ரிமீற்றர் உயரத்திலே 12 சென்ரிமீற்றர் நீளமான கிடைக்கோடு ஒன்று வரைக. கவராயத்தை 12 சென்ரிமீற்றருக்கு விரித்து, கோட்டின் இடமுனையில் முள்ளை ஊன்றி, வலமுனையிலிருந்து மேல்நோக்கி ஒரு வில் வரைக. பின்னர் வலமுனையில் ஊன்றி, இடமுனையிலிருந்து மற்றொரு வில் வரைக. இரண்டு விற்களும் சந்திக்கும் இடமே கோதிக் யன்னலின் கூர்நுனி. சமபக்க முக்கோணி அமைப்பதற்கு யூக்கிளிட் தம் நூலின் முதல் எடுப்பிலே கூறிய வழியும் இதுதான். முக்கோணியின் உயரம் பக்கத்தின் 0.866 மடங்கு ஆதலின், நுனி கோட்டிற்கு மேலே ஏறத்தாழ 10.4 சென்ரிமீற்றர் உயரத்தில் அமையும். கோட்டின் இருமுனைகளிலிருந்தும் கீழே 15 சென்ரிமீற்றருக்கு நிலைக்குத்தாக இறக்கி, அடியை இணைத்துவிட்டால் யன்னல் முழுமை பெறும். கூரிய கத்தியால் அதன் உட்பகுதியை வெட்டியெடுக்க. சிறு பிள்ளைகளுக்கு இவ்வேலையைப் பெரியவர் செய்து கொடுத்தல் நன்று. மட்டையின் வெளிப்புறத்திலே கறுப்பு வர்ணம் பூசுக. கறுப்புக் கடதாசி ஒட்டினும் அமையும்.

பட்டம் கட்டும் மெல்லிய கடதாசியிற் சிவப்பு, நீலம், ஊதா ஆகிய நிறங்களை உட்புறமாக ஒட்டுக. ஒட்டுமுன், வெள்ளைத் தாளொன்றில் யன்னலின் உருவை வரைந்து, அதனுள்ளே பின்வரும் கோலத்தை அமைத்துக்கொள்க. கிடைக்கோட்டை நடுவிலே இரண்டாகப் பிரித்தால் 6 சென்ரிமீற்றர் அகலமான இரு பகுதிகள் வரும். ஒவ்வொன்றின்மீதும் 6 சென்ரிமீற்றர் ஆரையோடு முன்போலச் சிறு கூர்வளைவு வரைக. இரு சிறு வளைவுகளுக்கும் மேலே, பெருவளைவினுள்ளே, ஒரு வட்டம் இடம் கேட்டு நிற்கும். அவ்வட்டம் மூன்று வளைவுகளையும் சரியாகத் தொடவேண்டுமாயின் அதன் ஆரை எவ்வளவு?

மாணாக்கர் சிறிது சிந்திக்க. பெருவளைவின் வலப்பக்க வில்லுக்கும், இடப்பக்கச் சிறு வளைவின் வலப்பக்க வில்லுக்கும் மையம் ஒன்றே. அது கோட்டின் இடமுனை. வட்டம் பெருவில்லை உள்ளிருந்து தொடுவதால், அவ்விடமுனையிலிருந்து வட்டத்தின் மையத்துக்குள்ள தூரம் 12 இலிருந்து ஆரையைக் கழித்ததாகும். சிறுவில்லை வெளியிலிருந்து தொடுவதால், அதே தூரம் 6 உடன் ஆரையைக் கூட்டியதாகும். இரண்டையும் சமப்படுத்தினால் ஆரை 3 சென்ரிமீற்றர் என வரும். பைதகரசுத் தேற்றத்தின்படி மையம் கிடைக்கோட்டிற்கு மேல் 6.7 சென்ரிமீற்றரில் நடுக்கோட்டின்மேல் அமையும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கற்சிற்பியர் கயிற்றையும் கோலையும் கொண்டு இத்தகைய கோலங்களை அமைத்து, மாபெரும் யன்னல்களைக் கல்லிலே செதுக்கினர்.

வரைந்த தாளின்மீது நிறக் கடதாசியை வைத்து, வளைவுகள் தெரியும் இடங்களிலே தடித்த கறுப்பு நூலைப் பசை தடவி ஒட்டுக. நடுவிலே நேராக இறங்கும் தூணுக்குப் பனையீர்க்கு ஒன்றைக் கறுப்பாக்கி ஒட்டலாம். நான்கு மட்டைகளையும் உள்ளோரங்களிலே துணிநாடாவால் இணைத்துக் கூடாக்குக. உள்ளே மின்கலத்தால் எரியும் சிறிய எல்.ஈ.டி. விளக்கை மாத்திரம் வைக்க. மெழுகுதிரி வேண்டாம், கடதாசியும் மட்டையும் தீக்கு உணவாகும் பொருள்கள். அறை விளக்கை அணைத்துப் பாருங்கள். சுவரெல்லாம் யன்னலின் நிழல் விரியும்.

இரண்டு: கறுத்த ஓலை

சார்வோலையைக் கறுப்பாக்குவதற்குக் கடைச் சாயம் வேண்டுவதில்லை. கடுக்காயும் துருவேறிய இரும்பும் போதும். கடுக்காயிலுள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் கலந்தாற் கருநிறம் பிறக்கும். கலங்காரித் துணி எழுதுவோர் இரும்புத் துண்டுகளைக் கருப்பட்டியோ வெல்லமோ கரைத்த நீரில் ஊறவைத்துக் கறுப்பு மை ஆக்குவதும் இவ்விதியைக் கொண்டே.

துருப்பிடித்த ஆணிகள் ஒரு கைப்பிடியைக் கண்ணாடிப் போத்தலிலிட்டு, மூழ்கும்வரை வினாகிரி ஊற்றி ஒரு வாரம் வைத்திருங்கள். உள்ளே வாயு உண்டாகுமாதலால் மூடியை இறுக்கலாகாது. கொட்டை நீக்கி இடித்த கடுக்காயை மற்றொரு பாத்திரத்திலே நன்றாக அவித்து வடித்துக்கொள்க. ஈர்க்கு நீக்கிய ஓலையைத் தண்ணீரில் அரைமணி நேரம் அவித்தபின், கடுக்காய் நீரில் ஓரிரவு ஊறவிடுக. மறுநாள் வடித்த இரும்புநீரில் தோய்க்க, ஓலை சாம்பல் நிறமாகிப் பின்னர் கறுக்கும். நிறம் போதாவிடின் இரண்டு நீரிலும் மாறி மாறித் தோய்க்கலாம். இறுதியிலே நல்ல தண்ணீரிற் பலமுறை அலசி, நிழலில் உலர்த்துக. இரும்புநீர் தங்கிவிட்டால் நாளடைவில் ஓலையை அரித்துவிடும். முதலில் ஒரு துண்டோலையிற் செய்து பார்த்துக்கொள்வது உத்தமம். பாத்திரங்களைச் சமையலுக்கு மீண்டும் எடுக்கலாகாது.

கறுத்த ஓலையையும் இயற்கை நிற ஓலையையும் மாறி மாறி வைத்து இழைத்தால், சதுரங்கப் பலகை போன்ற தடுக்கும், பேனை வைக்கும் சிறு பெட்டியும், சுவரில் மாட்டும் விசிறியும் ஆகும். பெட்டி இழைக்கும் வித்தையை நாம் நூலிற் படிக்கவேண்டுவதில்லை. பெரும்பாலான வீடுகளில் அதனை அறிந்த மூதாட்டி ஒருவர் இன்னும் இருக்கின்றார். கறுப்பை வெறுத்த அம்மம்மாவே பேர்த்தியின் கையைப் பிடித்து மூலை திருப்பக் கற்றுக்கொடுக்கும் காட்சியை நினைந்து பாருங்கள்.

மூன்று: எழுத்தாணிக் கழுத்தணி

கறுப்பு நிறக் கழுத்துப்பட்டி கோதிக் உடையின் முக்கிய அங்கம். இதனை நம் ஏட்டுச்சுவடியின் முறையைத் தழுவிச் செய்யலாம்.

பருத்தித்துறை வீதி வழியே கோப்பாயிலிருந்து வடக்கே சென்றால், நீர்வேலியை அடுத்து வருவது சிறுப்பிட்டி. அங்கே 1832 இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரட்டி, ஒப்புநோக்கி, 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். அவர் கண்ட ஏடுகளிலே எழுத்துக்கள் தெரிந்தமைக்குக் காரணம் கறுப்பே. எழுத்தாணியாற் கீறிய ஓலையிலே எழுத்து எளிதிற் புலப்படாது. விளக்குக் கரியை எண்ணெயிற் குழைத்துத் தேய்த்துத் துடைத்தாற்றான் கீறலில் மை தங்கி எழுத்துத் தோன்றும். நம் பழந்தமிழ் நம்மை வந்தடைந்தது அக்கருமையின் துணையாலேயே.

அவித்துலர்த்தி, கனமான புத்தகத்தின் கீழ் வைத்து நிமிர்த்திய வெள்ளோலையிலே 12 சென்ரிமீற்றர் நீளமும் 2.5 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள துண்டொன்றை வெட்டுக. 2 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக ஆறு கூர்வளைவுகளைப் பென்சிலாற் குறித்து, மரப்பிடி பொருத்திய ஊசியால் மெல்லக் கீறுக. அழுத்தினால் ஓலை கிழியும். நல்லெண்ணெய் விளக்கின் சுடருக்கு மேலே பழைய பீங்கானைப் பிடித்துச் சேர்த்த கரியை இரண்டு துளி எண்ணெயிற் குழைத்துத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிடுக. கோடுகள் மாத்திரம் கறுப்பாக நிற்கும். கரி சிறிதும் ஒட்டாதவரை துடைத்தல் வேண்டும். இன்றேல் சட்டையின் கழுத்து அழுக்காகும். இதனை 3 சென்ரிமீற்றர் அகலக் கறுப்புத் துணிப்பட்டியின் நடுவிலே தைத்து, பின்கழுத்தில் நாடாவால் முடிந்துகொள்க. ஓலைத் துண்டு கழுத்து முழுவதும் சுற்றாமல் முன்புறத்தில் மாத்திரம் இருப்பதனால் ஒடியாது.

பழைய வீட்டைப் பிரிக்கும்போது கழிக்கப்படும் பனஞ்சிலாகைத் துண்டு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். வைரம் பாய்ந்த பனைமரம் இயல்பாகவே கருமை கலந்தது. நீர்த்துளி வடிவாக அராவி, அரத்தாளால் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசினால் விற்பியின் கருநகைக்கு இளையாத பதக்கம் ஒன்று கிடைக்கும். சிலாகையின் சிராய் கையிலேறும். துணி சுற்றிப் பிடித்து வேலை செய்க.

பனைக்கு ஒரு சொல்

இவ்வேலைகளுக்கு ஓலை வேண்டும் என்று மரத்தின் குருத்தையே மீண்டும் மீண்டும் வெட்டுதல் கூடாது. குருத்து அழிந்தால் மரமும் அழியும். போர்க்காலத்திலே காவலரண்களுக்காகவும் பிறவற்றுக்காகவும் எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டன. எஞ்சியவற்றைக் காப்பதும் புதியவற்றை நடுவதும் நம் கடன். பனைத் தொழிலை வளர்க்க 1978 இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. கோப்பாயிலிருந்து பாலத்தைக் கடந்து செல்லும் கைதடியிலே பனை ஆராய்ச்சி நிறுவகம் உண்டு. ஆசிரியர்கள் மாணவரை அங்கே அழைத்துச் சென்று காட்டினால், வேலியோரத்துப் பனை எத்துணைப் பொருள் தரவல்லது என்பதைப் பிள்ளைகள் கண்கூடாக அறிவர்.

பெற்றோர்க்கு இறுதியாக ஒன்று. இளம் பருவத்திலே கறுப்பை விரும்பும் பிள்ளைகள் எல்லோரும் மனச்சோர்வு உடையவர்கள் அல்லர். பெரும்பாலோர் தமக்கென ஓர் அழகைத் தேடுபவரே. அவர்கள் கையிலே கவராயத்தையும் ஓலையையும் கொடுங்கள், அருகிலிருந்து பேசுங்கள். ஆயின், பிள்ளை உணவையும் உறக்கத்தையும் நண்பரையும் வெறுத்து ஒதுங்குவதாகக் கண்டால், அறையின் நிறத்தைப் பற்றி வாதாடிக் காலம் போக்காது, பரிவோடு காரணத்தைக் கேட்டறிந்து, வேண்டுமாயின் வைத்தியரை நாடுங்கள். சுவரிலே தொங்கும் வௌவாலைக் கழற்றிவிடுவதனால் மனத்திலுள்ள பாரம் இறங்கிவிடாது.

பாடசாலை விடுமுறை நாளொன்றில் விளக்கு வேலையைத் தொடங்கலாம். ஆணிகளை மாத்திரம் இன்றே வினாகிரியில் இட்டு வைத்துவிடுங்கள். அடுத்த ஞாயிறன்று ஓலை தோய்க்க நீர் ஆயத்தமாயிருக்கும்.